முக்கால் மணி நேரக் குடித்தனம்

விமான நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோகப் போகிறார்களாம் என்ற பேச்சு என் காதுக்கு வந்தபோது நாலு வாய் மாறியிருந்தது. ஓடுதளத்து ஓரத்தில் புல் வெட்டுகிற ஆள் டீக்கடையில் சொன்னாராம். அதைக் கேட்டு வந்து சலவைக்கூடத்தில் சொன்னவர் அங்கே வேன் ஓட்டுபவர். அவரிடமிருந்து அக்காவுக்கு. அக்காவிடமிருந்து தொலைபேசி வழியாக, கடல் கடந்து வேலை பார்க்கும் எனக்கு.

“புரளியா இருக்கும்க்கா. பத்து வருஷமா இதையேதான் சொல்றாங்க.”

“இருக்கும்டா. ஆனா இனிமே புல்லு வெட்ட வர வேணாம்னு சொல்லிட்டாங்களாம் அந்த ஆளை.”

நான் எதற்கும் பயந்துவிடுகிற ஆள். அக்கா அப்படியில்லை. இஸ்திரிப் பெட்டியின் சூட்டை ஈர விரலால் தொட்டுப் பார்ப்பது போலத்தான் எந்தச் செய்தியையும் தொடுவாள். சுரீர் என்றதும் கையை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

அவள் வீடு பழைய விமான நிலையத்தின் மதில் சுவரை ஒட்டிய தெருவில் இருக்கிறது. ஓடுதளம் முடிகிற இடத்தில் தெரு தொடங்குகிறது. இறங்க வரும் விமானத்தின் சக்கரம் மொட்டைமாடித் துணிக்கொடியைத் தட்டிவிடுமோ என்று புதிதாக வருகிறவர்கள் குனிவார்கள். தெருக்காரர்கள் குனிய மாட்டார்கள், பேச்சை மட்டும் நிறுத்துவார்கள். பாதி வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டு நின்று, ஓசை கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். சண்டையில்கூட இந்த ஒழுங்கு உண்டு. “உன்னை மாதிரி ஒரு” என்று ஆரம்பித்த வசவு விமானம் போகும்வரை அந்தரத்தில் நிற்கும். மிச்சத்தை வாங்கிக்கொள்ள எதிராளியும் மரியாதையாகக் காத்திருப்பார்.

அங்கே தூரத்தை யாரும் கிலோமீட்டரில் சொல்லிக் கேட்டதில்லை. மருந்துக்கடைக்காரரின் தங்கை ஒன்றரை மணி நேரத்தில் இருந்தாள். பக்கத்து வீட்டுத் தையற்காரியின் மகன் நாலு மணி நேரம். நான் ஒன்பது. இத்தனை துல்லியமாகப் பேசியவர்களில் பெரும்பாலோர் விமானத்தில் பறந்ததே கிடையாது. வீட்டுக்கு ஒருவர் மதிலுக்கு உள்ளே சுமை ஏற்றினார், கழிப்பறை கழுவினார், சாப்பாட்டுத் தட்டு அடுக்கினார். அவர்கள் சாயங்காலம் கொண்டுவந்த நேரக் கணக்குதான் தெருவின் பூகோளம். ஒரு ஊர் என்றால் அங்கே இருக்கும் விமான நிலையம், அவ்வளவுதான். அதைத் தாண்டி அந்த ஊருக்குக் கையும் காலும் நீண்டிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உலகத்தில் எல்லோருமே மதில் சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருப்பதாக நினைப்பு.

அக்காவுக்குக் கல்யாணம் பேசியதும் இந்தப் பூகோளத்தை வைத்துத்தான்.

பெண்ணைத் தூரத்தில் கொடுக்க மாட்டேன் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வந்த வரன் வேற்றூர்க்காரர், அங்கே சிமெண்ட் ஆலையில் மெக்கானிக். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் காலர் அவருக்கு ஒரு சுற்றுப் பெரிது.

“உங்க ஊரு ரொம்பத் தூரமாச்சே,” என்றார் அப்பா.

“தூரமே இல்லைங்க. பிளேன்ல முக்கால் மணி நேரம். மாசத்துக்கு ரெண்டு தடவை போய்வர கம்பெனியே டிக்கெட் குடுத்துடும்.”

“ஏர்போர்ட்லேர்ந்து உங்க எடம் எப்படி?”

ஒரு விமானம் தாழப் பறந்தது. எல்லோரும் காத்திருந்தோம். வந்தவரும் எங்களைப் பார்த்துக் காத்திருக்கக் கற்றுக்கொண்டார். ஓசை ஓய்ந்ததும், “பக்கம்தாங்க,” என்றார்.

அப்பாவுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. பக்கம் என்றால் நடந்து போகிற தூரம். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அளவே கிடையாது. மெக்கானிக்குக்கு மாதம் இரண்டு முறை விமான டிக்கெட் கொடுக்கிற கம்பெனி எதற்காகக் கொடுக்கிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. “தங்கமான கம்பெனி” என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

ஆலைக் குடியிருப்பில் ஆண்களுக்கு மட்டும்தான் அறை. குடும்ப வீடு கிடைத்ததும் கூட்டிப்போகிறேன் என்று கல்யாணமான கையோடு மாமா சொன்னார். பிறகு அப்பா படுக்கையில் விழுந்தார், அக்கா பார்த்துக்கொண்டாள். அப்பா போன பிறகு குடும்ப வீட்டுப் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை. பழகிவிட்டது. பிள்ளையும் இல்லை. “வாரக்கடைசிக் குடித்தனத்துல புள்ள எங்கிருந்து தங்கும்?” என்று தையற்காரி ஒருநாள் முகத்துக்கு நேராகவே கேட்டாள். அக்கா அவள் கொண்டுவந்த ரவிக்கையின் மடிப்பை நீவிவிட்டு, “அங்க தையல் ஒண்ணு விட்டிருக்கு பாருங்க,” என்றாளாம்.

அக்காவின் வேலை விமானப் பணியாளர்களின் சீருடைகளைத் தேய்ப்பது. தோள்பட்டைப் பட்டைகளையும் நெஞ்சில் குத்திய உலோக இறக்கையையும் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட வேண்டும். முதலில் காலர், நுனியிலிருந்து நடுவுக்கு. பிறகு தோள், மணிக்கட்டுப் பொத்தான் வரும் கைப்பட்டி, கை, கடைசியில் உடம்பு. மாற்றித் தேய்த்தால் தேய்த்த இடம் மறுபடி கசங்கும். காலரைப் பார்த்தே ஆளைச் சொல்வாள். “இவரு எறங்கும்போது பயப்படறவரு, வேர்வை பின்னாடி மட்டும் இருக்கு பாரு. இந்தப் பொண்ணு அழுதுட்டு மூஞ்சிக்கு மறுபடி பூசியிருக்கு.” சலவைக்கூடத்தில் அவளுக்கு ஜோசியக்காரி என்று பெயர்.

அந்த ஜோசியக்காரிதான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாமாவின் சட்டையையும் துவைத்தாள். காலரின் உள்மடிப்பில் எப்போதும் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. ஊறவைத்துத் தேய்த்தால்தான் போகும். “ஆலைத் தூசி பொல்லாதது” என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். சிமெண்ட் சாம்பல் நிறம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை நாலு மணி விமானம் வீட்டுக்கு மேல் போனதும் அடுப்பைப் பற்றவைப்பாள். கொதி வரும்போது மாமா வாசலில் செருப்பைக் கழற்றுவார். சாப்பிட்டதும் அடித்துப்போட்டாற்போல் தூங்குவார். தையற்காரிக்கு அதுவும் பொறுக்காது.

“முக்கால் மணி நேரம் உக்காந்து வந்ததுக்கா இந்தத் தூக்கம்? எம்புள்ள நாலு மணி நேரம் வர்றான், வந்ததும் கிரிக்கெட் ஆடப் போறான்!”

“மேல காத்து எனக்கு ஒத்துக்கலைங்க,” என்று மாமா சிரிப்பார்.

ஞாயிறு மத்தியானம் கிளம்பிவிடுவார். இப்படியே பதினான்கு வருடம்.

புல் வெட்டுகிறவர் சொன்னது பலித்தது. புதிய விமான நிலையம் ஊரின் மறுகோடியையும் தாண்டி, பேருந்தில் இரண்டரை மணி நேரத் தூரத்தில் திறந்தது. கடைசி விமானம் போன மறுநாள் தெருவில் ஈ பறந்தால் கேட்டதாம். ஆனாலும் ஜனங்கள் பேச்சின் நடுவில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். எதுவும் வராது. அசட்டுச் சிரிப்போடு தொடர்வார்கள். பால்காரர் எதற்காகவோ திட்டத் தொடங்கி நிறுத்தினவர் மிச்சத்தை மறந்தே போனாராம்.

சலவைக்கூடத்துக்கு வேலை போகவில்லை. வேன் மட்டும் விடியுமுன் கிளம்ப வேண்டியதாயிற்று.

மாற்றத்துக்குப் பின் மாமா முதல்முறை வந்தபோது விளக்கு வைத்து நேரமாகிவிட்டது. அக்கா இரண்டு முறை அடுப்பை அணைத்து இரண்டு முறை பற்றவைத்திருந்தாள். வந்தவர் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

“இப்ப ரெண்டு பக்கமும் ஆயிடுச்சு,” என்றார்.

அக்கா தண்ணீர் கொண்டுவரப் போனாள். இரண்டு பக்கமும் என்றால் என்ன என்று கேட்கவில்லை. களைப்பில் சொல்வதையெல்லாம் நின்று கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

அடுத்த முறை வரவில்லை. பிறகு மாதம் ஒருமுறை. பிறகு அதுவும் நின்றது. தொலைபேசியில், “வேலைம்மா,” என்பார். அவளும், “சரிங்க,” என்பாள். கிணற்றில் போட்ட கல்லாக அதோடு முடியும்.

“அங்க ஒரு குடித்தனம் இருக்கும். முக்கால் மணி நேரத்தை ஒரு ஆம்பளை இத்தனை தூரமாக்கினா வேற என்ன அர்த்தம்?” என்று தையற்காரி தீர்ப்பு வழங்கினாள்.

அக்கா இதை என்னிடம் சொன்னது, அன்று எத்தனை சட்டை தேய்த்தேன் என்று சொல்லும் அதே குரலில். நான்தான் தூக்கம் கெட்டேன். இணையத்தில் இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் போட்டுத் தேடினேன். வரைபடத்தில் இரண்டு புள்ளி, நடுவே ஒரு வளைகோடு, பறக்கும் நேரம் முக்கால் மணி. வேறு தளத்தைத் திறந்தேன், அதே வளைகோடு. தெரிந்த இரண்டு மொழியிலும் தேடிவிட்டேன், இரண்டும் அதையேதான் சொல்லின.

“போய்க் கேட்டுட்டு வந்துடறேன்டா,” என்றாள் ஒருநாள்.

“போன்ல கேளேன்க்கா.”

“போன்ல வேலைன்னுதான் சொல்வாரு. மூஞ்சியப் பாத்துக் கேக்கணும். இனிமே வருவீங்களா, மாட்டீங்களா. ஒரு வார்த்தை. மாட்டேன்னா மாட்டேன். நானும் சனிக்கிழமைக்கு வேற வேலை பாத்துப்பேன்.”

“அவர்கிட்ட வர்றேன்னு சொல்லிட்டியா?”

“சொன்னா பதிலைத் தயார் பண்ணி வச்சிருப்பாரு.”

புதிய விமான நிலையத்துக்குச் சலவை வேனிலேயே போனாள், தொங்கும் சீருடைகளுக்கு நடுவே. ஓட்டுநரை எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடுவார்கள். மேடு பள்ளம் பார்த்து அத்தனை மெதுவாக ஓட்டுவார்.

“கேப்டன், இந்த வேகத்துல போனா பிளேன் போயிடும்.”

“போகட்டும்மா. அதை ஓட்டறவன் சட்டை நம்மகிட்டதானே இருக்கு? சட்டையில்லாம எப்படிப் போவான்?”

அக்கா சிரித்தாளாம். அன்றைக்குக் கடைசியாகச் சிரித்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

கையில் மாமாவின் வெள்ளைச் சட்டை ஒன்று, தேய்த்து, துணி தொங்கவிடும் தாங்கியில் மாட்டியபடி. சும்மா போகக் கூடாது என்று எடுத்துக்கொண்டாளாம். விமானத்தில் அவளுக்குக் குடிக்கக் கொடுத்த பெண்ணின் கைப்பட்டியில் இரட்டை மடிப்பு. சலவைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவள் தேய்த்தது என்று கண்டுகொண்டாள். முதல் விமானப் பயணத்தைப் பற்றி எனக்குச் சொன்னது அந்த இரட்டை மடிப்பு மட்டும்தான். “குடிச்சு முடிக்கறதுக்குள்ள எறக்கிட்டாங்கடா.”

இறங்கி வெளியே வந்து, வாடகைக் கார்கள் நிற்கும் இடத்தில் ஒருவரிடம் கேட்டாள்.

“சிமெண்ட் ஆலைக்கு எந்தப் பக்கமா நடக்கணும்?”

அவர் பக்கத்துக் காரில் சாய்ந்திருந்தவரைக் கூப்பிட்டார். “அண்ணே, இங்க வாங்க. இந்தம்மா ஆலைக்கு நடக்கப் போறாங்களாம்.”

“தாராளமா நடங்கம்மா. நாளான்னிக்குப் போய்ச் சேர்ந்துடலாம்.”

“பக்கம்னு சொன்னாங்க.”

“யாரு சொன்னது? ஆலைக்காரனா? அவன் சொல்வான், ஏர்போர்ட் பக்கம்னு சொல்லி எடத்தை விக்கப் பாப்பான்.” பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் கேலியை விட்டார். “பஸ் இருக்கும்மா. மலையடிவாரத்துக்கு முன்னாடி ஒரு பிரிவு வரும். அங்க எறங்கினா ஆலை வண்டி வரும்.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“ரோடு நல்லா இருந்தா மூணு மணி நேரம்.” கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார். “ரோடு நல்லா இருந்து நான் பாத்ததில்ல.”

பேருந்தில் ஏறிய பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“தம்பி, இது பக்கம் இல்லடா.”

“எது?”

“அவரு எடம்.” ஜன்னல் கம்பிகள் கடகடக்கும் சத்தம் கேட்டது. நான் எதையாவது சொல்லியிருக்க வேண்டும். தொடர்பு போய்விட்டது.

மற்றதை அவள் பிரிவில் இறங்கிய பிறகுதான் சொன்னாள்.

கல் பெயர்ந்த மண் சாலை. ஜன்னல்களுக்குக் கண்ணாடி இல்லை. சட்டை கசங்கக் கூடாது என்று தாங்கியோடு ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தாள். நடத்துநர் சீட்டுக் கொடுக்க வந்தவர் சட்டையைப் பார்த்தார்.

“இப்படித்தாம்மா, ஒருத்தரு சட்டையைக் கம்பியில தொங்கவிட்டுட்டு வருவாரு. ஆலை மெக்கானிக். சனிக்கிழமை ஆளுன்னு நாங்க கூப்பிடுவோம். ராத்திரி ஷிஃப்டு முடிச்சுட்டு காலையில ஏறுவாரு, எடம் இருக்காது, கம்பியப் பிடிச்சுட்டு நின்னுட்டே தூங்குவாரு. பிளேன் பிடிக்கப் போறவரு.”

“பிளேன்ல எங்க போவாரு?”

“பொண்டாட்டி ஊருக்கு. மறுநாள் ராத்திரி கடைசி பஸ்ல திரும்புவாரு. நேரா ஷிஃப்டுக்கு. நான் வாய் விட்டே கேட்டிருக்கேன், ஏன் சார், அந்தம்மாவுக்கு ஒரு தடவை வந்து பாக்கறதுக்கு என்ன கேடுன்னு.”

“அதுக்கு என்ன சொன்னாரு?”

“என்ன சொல்வாரு? அவளுக்குத் தூரம்ங்கன்னாரு.” நடத்துநர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். “இப்பக் கொஞ்ச நாளா ஆளைக் காணோம். ஒடம்புல தெம்பு தீர்ந்திருக்கும். நீங்க ஆலையில யாரப் பாக்கணும்?”

“சொந்தக்காரங்க,” என்றாள் அக்கா.

அவர் முன்பக்கம் போய்விட்டார். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிரே வந்த லாரி ஒரு சிவப்புப் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. அது அடங்குவதற்குள் இன்னொன்று. பிரிவு வந்ததும் சட்டையைக் கழற்றினாள். பழக்க தோஷத்தில் காலரைப் புரட்டிப் பார்த்தாள். உள்மடிப்பில் மெல்லிசாகச் சிவப்புக் கோடு விழுந்திருந்தது.

“எத்தனை சட்டை தொவைச்சிருப்பேன்,” என்றாள் என்னிடம். “எத்தனை பேரு காலரப் பாத்து என்னென்னவோ சொன்னேன்.”

அவள் குரலில் அழுகை இல்லை. இருந்திருந்தால் எனக்கு என்ன சொல்வதென்று தெரிந்திருக்கும்.

பிரிவில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு சிமெண்ட் பெஞ்சு. ஆலை வண்டி ஷிஃப்டு மாறும்போதுதான் வருமாம். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் புகைபோக்கி மட்டும் தெரிகிறது என்றாள்.

“அக்கா, இப்ப என்ன கேக்கப் போறே அவர்கிட்ட?”

“கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லடா. வருவீங்களான்னு எந்த வாயால கேக்கறது?”

“பின்ன?”

“இனிமே நீங்க வர வேணாம், நான் வர்றேன்னு சொல்லணும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. அதைச் சொல்லத்தான் இப்ப அவருக்குப் போன் போட்டேன். எடுக்கல.”

“ஷிஃப்ட்ல இருப்பாரு.”

“இருக்கும். உள்ள போகும்போது போனைப் பெட்டியில போட்டுடுவாங்களாம்.” கொஞ்சம் நிறுத்தினாள். தலைக்கு மேல் ஏதோ கடந்துபோக வேண்டும் என்பது போல. எதுவும் கடக்கவில்லை. “இல்ல, பாத்துட்டு எடுக்காம இருக்காரோ என்னவோ. அதுவும் நியாயந்தான்.”

“அப்படியெல்லாம் இருக்காது.”

“உனக்கென்ன தெரியும்? நீ ஒம்பது மணி நேரத்துல இருக்கே.” சொல்லிவிட்டு, “ஒம்பதுதானாடா?” என்று கேட்டாள்.

என் அறையிலிருந்து இங்குள்ள விமான நிலையத்துக்குப் போவதையும், நடுவில் ஓர் ஊரில் இறங்கி உட்கார்ந்திருப்பதையும், இப்போது அந்தப் பக்கம் கூடியிருக்கும் இரண்டரையையும் நான் அவளுக்குச் சொன்னதே இல்லை.

“பக்கம்தான்க்கா,” என்றேன்.

“இரு, மறுபடி போட்டுப் பாக்கறேன். நீ வைக்காதே. தனியா உக்காந்து மணி அடிக்கறதக் கேக்க முடியல. உன்னையும் இதுலயே சேத்து விடறேன்.”

எதையோ அழுத்தினாள். சற்று நேரம் வெறும் இரைச்சல். பிறகு மணி அடிக்கத் தொடங்கியது. தொலைவில் ஒரு லாரி போனது. தாங்கியின் கொக்கி சிமெண்ட் பெஞ்சில் உரசியது. அவள் மூச்சு கேட்டது, என் மூச்சும் அவளுக்குக் கேட்டிருக்கும். மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது.

“இன்னொரு தடவை,” என்றாள்.

மறுபடி அடிக்கத் தொடங்கியது.